இக்னிஷன் காயிலை மாற்றும் முன், இடம் மாற்றிப் பாருங்கள்

குடும்பத்தோடு குன்னூருக்குக் கிளம்பிய ஒருவரின் பெட்ரோல் கார், பர்லியாறு தாண்டியதும் மேடேறத் திணறியிருக்கிறது. என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மீட்டரில் விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. "பெட்ரோலில் கலப்படம் இருக்கும், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன் அண்ணா" என்றார். மறுநாள் அந்த வண்டி என் பட்டறைக்குக் கட்டி இழுத்துத்தான் வந்தது.

அந்த விளக்கு நிலையாக எரிந்தால் ஓரிரு நாளில் காட்டிக்கொள்ளலாம். மினுக்கினால் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில், பெரும்பாலும் தீப்பொறி இல்லாமல், பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது, சைலன்சர் பாதையில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்பதே அதன் பொருள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

தீப்பொறிக்கு மின்சாரம் கொடுப்பது இக்னிஷன் காயில். பேட்டரியின் 12 வோல்ட்டை அது 20,000 வோல்ட்டுக்கும் மேலே உயர்த்தித் தருகிறது. மேடேறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்; அழுத்தம் கூடக் கூடப் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். அதனால்தான் சமவெளியில் சமாளித்துக்கொண்டு ஓடிய பலவீனமான காயில் மலைப்பாதையில் கைவிரித்துவிடுகிறது. டீசல் என்ஜினில் இந்தக் காயிலே கிடையாது. அங்கே அழுத்திய காற்றின் வெப்பத்தில்தான் டீசல் பற்றுகிறது. டீசல் கார் வைத்திருப்பவரிடம் யாராவது காயில் மாற்றியதாகப் பில் நீட்டினால் கேள்வி கேளுங்கள்.

இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் பொறியை உண்டாக்கும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். பானட்டைத் திறந்து மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் பெரும்பாலும் ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட்தான் பிடித்திருக்கும். பழைய நான்கு சிலிண்டர் வண்டிகள் சிலவற்றில் காயில்கள் சேர்ந்த ஒரே பேக்கிலிருந்து பிளக் வயர்கள் போகும். அதில் 1க்கும் 4க்கும் ஒரு காயில், 2க்கும் 3க்கும் ஒரு காயில். ஒன்று போனால் இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே படுத்துவிடும். குறுக்காக வைத்த என்ஜினில் டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கமே பொதுவாக முதல் சிலிண்டர். வி6 என்ஜினில் மட்டும் பின்வரிசைக் காயில்களை எட்டுவதற்கு, காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டி வரலாம்.

மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றதும் காயில்கள் அத்தனையையும் மாற்றச் சொல்லும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் பி0301, பி0302 என்று பிழைக் குறியீடு வரும். கடைசி எண்தான் சிலிண்டர். மூன்றாவதில் மிஸ்ஸிங் என்றால், என்ஜினை அணைத்து ஆறவிட்டு, மூன்றாம் காயிலையும் ஒன்றாம் காயிலையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 மறைந்து பி0301 வந்தால் குற்றவாளி காயில்தான். மூன்றிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன், எலி கடித்த வயர் என்று தேட வேண்டும். பத்து நிமிட வேலை, பைசா செலவில்லை. இணைப்பில் மூன்று, நான்கு பின்கள் (கம்பி முனைகள்) கொண்ட காயில்களுக்குள் மின்னணுச் சுற்று இருப்பதால், மல்டிமீட்டரில் ஓம் அளந்து தீர்ப்புச் சொல்வதை நான் நம்புவதில்லை.

என்ஜின் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆளையும் அடிக்கும், வண்டியின் கம்ப்யூட்டரையும் கெடுக்கலாம்.

காயில் போனதற்குக் காரணம் தேடாமல் புதியதை மாட்டினால் அதுவும் போகும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றால் காயில் கூடுதலாக உழைக்கிறது. சிஎன்ஜி வண்டியில் இந்தச் சுமை இன்னும் அதிகம். என்ஜின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் வேல்வ் கவர் கேஸ்கெட் கசிந்து பிளக் குழிக்குள் ஆயில் இறங்கினால் காயிலின் ரப்பர் ஊறிக் கெடும்.

குன்னூருக்குக் கிளம்பியவருடைய காரில் காரணம் தண்ணீர். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு வாட்டர் வாஷுக்கு விட்டிருக்கிறார்; என்ஜின் மேலேயே நேராகப் பீய்ச்சி அடித்திருக்கிறார்கள். மூன்றாவது பிளக் குழியில் துரு வளையம் கட்டியிருந்தது, ரப்பரில் மின்சாரம் ஓடிய கருங்கோடு. காயிலை இடம் மாற்றியதும் பிழைக் குறியீடும் கூடவே தாவியது. குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ஒரு காயிலும் நான்கு பிளக்கும் மாற்றினேன். என்ஜின் சீராக நின்றது.

ஆனால் இழுவை திரும்பவில்லை. கன்வெர்ட்டரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளிருந்த பீங்கான் தேன்கூடு உருகிப் புகை போகும் வழியைப் பாதிக்குமேல் அடைத்திருந்தது. அதன் விலை, அந்த ஒற்றைக் காயிலின் விலையைப் போலப் பல மடங்கு.