அடாப்டர் பற்றில் மறுநாள் ஏன் விரிசல் விழுகிறது?

பொக்லைன் பக்கெட்டின் பல்லைத் தாங்கும் அடாப்டருக்கு மாலையில் வெல்டிங் முடிந்தது. வெல்டிங் பற்று மீன் செதில் அடுக்கியது போல அழகாக விழுந்திருந்தது. மறுநாள் காலை பொக்லைன் ஒரு பக்கெட் மண்கூட அள்ளவில்லை, அதற்குள் பற்றின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். பழி உடனே வெல்டர் மேல் விழும். பல நேரம் அது அநியாயம். அவர் கை நேர்த்தியாகவே வேலை செய்திருக்கும். விரிசலுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஹைட்ரஜன்.

சேலத்தில் பக்கெட்டுகள் படும் பாடு கொஞ்சமல்ல. கருப்பூர், மாமாங்கம் பக்கத்துக் கரடுகளில் கிடைக்கும் வெள்ளைக்கல், அதாவது மக்னசைட், அவ்வளவு கடினமில்லை. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 4 வாக்கில்தான். ஆனால் அது நரம்பு நரம்பாக ஓடுவது டியூனைட் பாறைக்குள். அந்தப் பாறையிலுள்ள ஆலிவினின் கடினம் 7-ஐத் தொடும். மேலே சேர்வராயன் மலையில் சார்னோக்கைட் பாறை. அதிலுள்ள குவார்ட்ஸும் 7. இவற்றைத் தினமும் சுரண்டினால் பல் தேயத்தான் செய்யும். பல்லை மாற்றுவது சுலபம், பின்னைத் தட்டிக் கழற்றிவிடலாம். பல் உட்காரும் அடாப்டரைத்தான் பக்கெட்டின் உதட்டில், அதாவது முன் விளிம்பில், பற்றவைக்க வேண்டும்.

அந்த உதடு கனமான தகடு. பற்றவைத்த சூட்டைச் சுற்றியுள்ள இரும்பு நொடிகளில் உறிஞ்சிவிடும். சிவக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்கியது போலத்தான் இதுவும். பற்றை ஒட்டிய பகுதி கண்ணாடி போலக் கடினமாகி, நொறுங்கும் குணம் பெற்றுவிடும். அதே நேரத்தில் ராடின், அதாவது வெல்டிங் குச்சியின், பூச்சில் ஈரம் இருந்தால், வெல்டிங் வில்லின் (ஆர்க்) சூட்டில் அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவரும். உருகிய எஃகு அதை நிறைய வாங்கிக்கொள்ளும். ஆறிய எஃகால் அவ்வளவையும் வைத்துக்கொள்ள முடியாது. சிக்கிக்கொண்ட அணுக்கள் மெதுவாக நகர்ந்து, அந்தக் கடினப் பகுதியில், இழுவிசை அதிகமுள்ள இடத்தில் சேர்ந்து, எஃகைப் பிளக்கும். இதற்குச் சில மணி நேரம் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அதனால்தான் விரிசல் மறுநாள் தெரிகிறது.

சரி, என்ன செய்வது? முதலில் சூடு. வழக்கமான அடாப்டருக்கு 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை கேஸ் ஜுவாலையால் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். குறிப்பிட்ட சூட்டில் உருகும் சாக்பீஸ் கடையில் கிடைக்கிறது. கோடு போட்டால் தெரிந்துவிடும். எஃகு மெல்ல ஆறினால் கடினமும் குறையும், ஹைட்ரஜன் வெளியேற அவகாசமும் கிடைக்கும். முடிந்ததும் கம்பளியால் அல்ல, தீப்பிடிக்காத போர்வையால் மூடி ஆறவிட வேண்டும்.

அடுத்தது ராடு. ஹைட்ரஜன் குறைவாக விடும் வகையான 7018 ராடைச் சூடான ஓவனில் வைத்திருந்து, வேண்டியபோது எடுக்க வேண்டும். பிரித்த பாக்கெட்டை ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கேபினுக்குள் போட்டுவைத்தால், பூச்சு ஈரத்தைக் குடித்துவிடும். வெயிலில் காயவைப்பது போதாது. 300 டிகிரிக்கு மேல், பாக்கெட்டில் சொன்னபடி சுட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதற்கு நேர் எதிரான ஓர் எஃகையும் சொல்லியாக வேண்டும். கல் உடைக்கும் கிரஷரின் ஜா பிளேட், அதாவது கல்லை நெரிக்கும் தாடைத் தகடு, பெரும்பாலும் மாங்கனீஸ் எஃகு. 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டறிந்தது; சுமார் 12 சதவீதம் மாங்கனீஸ் இருக்கும். அடிபட அடிபட இறுகுவது இதன் அழகு. ஆனால் 260 டிகிரியைத் தாண்டிச் சூட்டில் கிடந்தால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அடாப்டரில் தண்ணீர் ஊற்றினால் அதைக் கெடுக்கிறோம். மாங்கனீஸ் எஃகைத் தண்ணீரால் குளிர்வித்தால் காப்பாற்றுகிறோம். சிறு சிறு பற்றாக வைத்து, ஒரு சாண் தள்ளிக் கைவைத்தால் பொறுக்கும் சூட்டிலேயே வேலையை நடத்த வேண்டும். எது எந்த எஃகு என்று காட்டிக்கொடுப்பது ஒரு காந்தம்: மாங்கனீஸ் எஃகில் அது ஒட்டாது. காந்தம் இல்லாமல் யாரும் ராடு பிடிக்கும் ஹோல்டரைக் கையில் எடுக்கக்கூடாது என்பேன்.

கரண்ட் திரும்பிப் போக மாட்டும் எர்த் கிளாம்பை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். பக்கெட்டில் வெல்டிங், எர்த் மட்டும் வண்டி ஊரும் செயினில் என்றால், நூற்றைம்பது ஆம்பியர் கரண்ட் பின், புஷ், பேரிங், சிலிண்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். போகிற வழியில் பொறி பறந்து பேரிங்கில் குழி விழும். பற்றுக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். அதற்கு முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, ஹைட்ராலிக் அழுத்தத்தை விட்டு, பேட்டரியையும் கம்ப்யூட்டர் பெட்டியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

லோடர், டிப்பர் போன்ற டயர் வண்டிகளில் பயப்பட வேண்டியது டிஸ்க்கில், அதாவது டயர் மாட்டிய இரும்புச் சக்கரத்தில், வைக்கும் வெல்டிங்குக்கு. இரும்பின் சூடு உள்ளே ரப்பரைச் சிதைத்து எரிவாயுவை உண்டாக்கும். வெடித்தால் துண்டுகள் நூறு மீட்டர் தாண்டியும் பறக்கும். வெல்டிங் முடிந்து சில மணி நேரம் கழித்தும் வெடிக்கலாம். காற்றை இறக்கினாலும் ஆபத்து தீராது, உள்ளே வாயு சேரவே செய்யும். டயரை டிஸ்க்கிலிருந்து முழுக்கப் பிரித்தெடுத்து வைத்த பிறகுதான் அங்கே ராடு பட வேண்டும்.