கலாய் பூசுதல்

கலாய் என்றதும் இன்றைய பிள்ளைகளுக்குக் கிண்டல்தான் நினைவுக்கு வரும். அது வேறு சொல். இங்கே பேசப்போவது பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற கலாய். ‘ஈயம் பூசறதூ’ என்று தெருவில் குரல் கேட்டால், அடுக்களையிலிருந்து அண்டாவும் தவலையும் வெளியே வரும்.

செம்பிலும் பித்தளையிலும் புளிக்குழம்பை வைத்தால் களிம்பு ஏறும், சாப்பிட்டவர் வயிறு கெடும். அதைத் தடுக்கத்தான் உட்புறத்தில் இந்தப் பூச்சு. பூசுகிறவர் மண்ணில் சிறு குழி தோண்டி, துருத்திக் குழாயைப் புதைத்து, கரியை மூட்டுவார். பாத்திரத்துக்குள் மணலைப் போட்டு, ஏறி நின்று, காலாலேயே இப்படியும் அப்படியும் சுழற்றித் தேய்ப்பார். அப்புறம் நெருப்பில் காட்டி நவச்சாரத் தூளைத் தூவுவார். மூக்கைக் குத்தும் வெள்ளைப் புகை கிளம்பும். உலோகத்தின் மேலிருக்கும் அழுக்குப் படலத்தை நவச்சாரம் நீக்குவதால்தான் ஈயம் ஒட்டுகிறது. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், பூசுகிற வெள்ளீயம் உருக 232 டிகிரியே போதும். குச்சியால் ஒரு தொடு தொட்டுப் பஞ்சால் வழித்தால், கறுத்த பாத்திரம் கண்ணெதிரே வெள்ளியாகும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் காத்திருப்பது அந்த ஒரு நொடிக்குத்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். கலாய் உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. அதற்கு மூலம் ‘கலஈ’ என்ற அரபுச் சொல். துருக்கியில் இன்றும் வெள்ளீயத்தின் பெயர் கலாய்தான். அரபு வணிகர்கள் இதை வாங்கிச் சென்ற மலாய்க் கரைத் துறைமுகத்தை அவர்கள் ‘கலா’ என்று அழைத்தார்கள். உலோகத்தின் பெயரே அந்த ஊரிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. அந்த ஊர் இன்றைய கெடா என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அதாவது நம் கடாரம்! இராசேந்திர சோழன் 1025இல் படை அனுப்பிய அதே இடம். பட்டினப்பாலை ‘காழகத்து ஆக்கம்’ என்று சொல்வதற்கும் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே உரை எழுதினார். உருதுச் சொல் என்று நாம் ஒதுக்குவது, நம் கப்பல்கள் போய்வந்த ஊரின் பெயராக இருக்கலாம். இன்னொன்று: தமிழில் கடாரம் என்றால் கொப்பரை என்றும் பொருள் உண்டு. பாத்திரமும் பூச்சும் ஒரே ஊர்ப்பெயரில் வந்து சேர்வது தற்செயல்தான், ஆனாலும் சுவையாக இருக்கிறது.

இதற்கு நல்ல தமிழ்? ஈயப்பூச்சு என்பார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஈயம் என்ற ஒரே சொல் நம்மிடம் இரண்டு உலோகங்களுக்கு நிற்கிறது. வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. பாத்திரத்துக்குப் பூசவேண்டியது வெள்ளீயம். காரீயமோ உடம்பில் சேர்ந்தால் நஞ்சு. காரீயம் விலை குறைவு என்பதால் கலப்படமும் நடப்பதுண்டு. ஆகவே வெள்ளீயப்பூச்சு என்று முழுசாகச் சொல்வதே சரி. பூசுகிறவரைக் கலாய்க்காரர் என்பார்கள், ஈயம் பூசுகிறவர் என்பார்கள். அதில் குறையில்லை, அவர் எதைப் பூசுகிறார் என்பதுதான் கேள்வி.

எவர்சில்வர் வீட்டுக்குள் வந்ததும் களிம்புப் பயம் போயிற்று, துருத்திக்காரருக்கு வேலையும் போயிற்று. இன்று அவரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணச் சமையல்காரர்களும் பிரியாணி தேக்சா வைத்திருப்பவர்களும்தான்.

ஈயச் சொம்பு மட்டும் ரசத்தின் பெயரால் பிழைத்துக்கொண்டது. அதுவும் முழுக்க வெள்ளீயமாக இருக்கவேண்டியது. வெறுஞ்சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகி ஓடிவிடும், ரசத்தையோ தண்ணீரையோ ஊற்றிய பிறகுதான் வைக்கவேண்டும். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறவர்கள் ஈயம் என்பதைப் பார்த்து, காரீயத்தைக் குறிக்கும் ‘லெட்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவர் பயப்படாமல் என்ன செய்வார்?