கிளைமாக்ஸில் தங்கை போடும் கையெழுத்து

நம் குடும்பப் படங்களில் பாகப்பிரிவினைக் காட்சி வந்துவிட்டால், அடுத்து நடக்கப்போவது தியேட்டரில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை தூண்டிவிட்டு, தங்கை பங்கு கேட்டிருப்பாள். கூடத்தில் சொந்தபந்தம் கூடியிருக்கும். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் அவள் பங்கை எழுதிய பத்திரத்தை நீட்டுவார். சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தது அவளுக்கு ஞாபகம் வரும். பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, "எனக்கு நீ போதும்ணே" என்று காலில் விழுவாள்.

சிவில் வழக்குகள் நடத்துகிறவள் என்ற முறையில் இந்தக் காட்சியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. போன வாரம் ஓர் அம்மா விடுதலைப் பத்திரத்தின் (சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம்) நகலோடு வந்து உட்கார்ந்தார். அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு, "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துதான்" என்று சொல்லி சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் காரில் அழைத்துப் போயிருக்கிறார்கள். போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தார். பத்திரத்தில் "ரொக்கம் பெற்றுக்கொண்டு, முழு மனதுடன்" என்று இருக்கிறது. கையில் ஒரு ரூபாய் வரவில்லை. "இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்ற வரியை நான் வாசித்துக் காட்டியபோதுதான் அவருக்கு விஷயமே புரிந்தது. கணவர் இல்லை, வாடகை வீடு, அண்ணன் போனை எடுப்பதில்லை.

"அப்பவே உங்க பங்கைக் கேட்டிருக்கலாமேம்மா" என்றேன். "கூடப் பொறந்தவன்கிட்ட எப்படி மேடம் பங்கு கேக்கறது? என்ன பொம்பளை இவன்னு பேச மாட்டாங்களா?" என்றார். படித்தவர், படிக்காதவர், வேலைக்குப் போகிறவர் எல்லோரும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதையேதான் சொல்கிறார்கள். பங்கு கேட்கிறவள் கெட்டவள், வேண்டாம் என்கிறவள் குலவிளக்கு என்று தலைமுறை தலைமுறையாகத் திரையில் காட்டியதற்கு அந்தப் பேச்சில் பெரிய பங்கு உண்டு.

கதையாகப் பார்த்தாலும் அது ஒட்டவில்லை. இரண்டு மணி நேரம் அந்தப் பெண் விவரமானவள். காலேஜில் பாடம் நடத்துவாள், வீட்டு வரவு செலவைப் பார்ப்பாள், தப்பென்றால் மாமியாரையே தட்டிக் கேட்பாள். கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும், தன் மகளின் படிப்புக்கு ஆகக்கூடிய சொத்தை யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிடுவாள். தங்கைக்காக உயிரையே கொடுக்கிற அண்ணன், "இது உன் பங்கும்மா, வேண்டாம்னு சொல்லாதே" என்று ஏன் ஒரு படத்திலும் பிடிவாதம் பிடிப்பதில்லை? பாசத்தை நிரூபிக்கும் பொறுப்பு எப்போதும் அவள் தலையில்தான். (பதிவான பத்திரத்தைக் கிழித்தால் உரிமை போகாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டால் நகல் கிடைக்கும். பதிவான விடுதலைப் பத்திரத்தில் போட்ட கையெழுத்தோ அப்படிச் சுலபத்தில் அழியாது.)

எனக்கு அதிகமாக எரிச்சலூட்டுவது, "நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன பங்கு?" என்ற கேள்வி. நகை போட்டதால் மகளின் பங்கு கழிந்துபோகும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. போட்ட நகை அவளுக்கே சொந்தமான சீதனம். கேட்டு வாங்கியிருந்தால் அது வரதட்சணை, 1961 முதல் குற்றம். மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்ததையும், தொழிலுக்கு முதல் போட்டுக் கொடுத்ததையும் அவன் பங்கில் கழிக்கிறார்களா? இல்லையே. பிறகு இவள் வளையலை மட்டும் ஏன் எடை போடுகிறீர்கள்? கல்யாணம் ஆகிவிட்டால் உரிமை போய்விடும் என்பதும் தவறு. அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவர் என எல்லோருக்கும் சம பங்கு. 1956 முதலே இதுதான் சட்டம்.

பூர்வீகச் சொத்தில்தான் உரிமை தாமதமாக வந்தது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல். அப்போதும் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைக் கிளற முடியாது.

இத்தனை பேர் போராடி வாங்கிய உரிமையை ஒரு காலைப் பொழுதில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதை மீட்க, ஏமாற்றித்தான் வாங்கினார்கள் என்று சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பெரும்பாலானவர்கள் அதையும் தாண்டித்தான் வருகிறார்கள்.

தயவுசெய்து துக்க வீட்டில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டா மாற்ற விடுதலைப் பத்திரம் தேவையே இல்லை. வாரிசுச் சான்றிதழை வைத்து எல்லோர் பேரிலும் கூட்டுப் பட்டா வாங்கலாம். வரைவை வீட்டுக்கு வாங்கி வந்து, உங்களுக்கு வேண்டிய ஒருவரை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வெற்று முத்திரைத்தாள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வில்லங்கச் சான்றிதழ் போட்டு, அந்தச் சொத்தில் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பணம் பெற்றதாக எழுதினால், அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகே கைரேகை வையுங்கள். அம்மாவின் பங்கையும் சேர்த்து எழுதி வாங்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். எல்லாம் தெரிந்து, அதன் மதிப்பும் தெரிந்து, அண்ணனுக்கே கொடுக்க மனம் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அதைத் தடுக்க நான் யார்?

படம் எடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தங்கை தன் பங்கைக் கேட்கட்டும். அண்ணன் முகம் சுளிக்காமல் அளந்து கொடுக்கட்டும். அடுத்த தைக்குப் பொங்கல் சீரோடு அவள் வீட்டுக்கே அவர் போகட்டும். அப்படி நடக்கிற குடும்பங்களுக்கும் நான் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.