கதை சொன்னவருக்கு என்ன கிடைத்தது?

1996 ஏப்ரல். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகர மண்டபம். நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரிக்க அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் முதன்முறையாகக் கூடியிருந்தது. தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர் நொமோண்டே கலாட்டா. அவருடைய கணவர் ஃபோர்ட் கலாட்டா ஒரு பள்ளி ஆசிரியர். 1985 ஜூனில் மூன்று தோழர்களோடு காரில் ஊர் திரும்பும் வழியில் பாதுகாப்புப் போலீஸாரால் கொல்லப்பட்டவர்.

அன்று காலை பேப்பர் வந்தது, அப்பாவின் கார் எரிந்து கிடப்பதைப் பிள்ளைதான் முதலில் பார்த்துக் காட்டியது என்று நொமோண்டே சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்தில் உடலைப் பின்னால் சாய்த்து வீறிட்டு அழுதார். விசாரணையை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அந்த அழுகையில்தான் ஆணையம் உண்மையில் தொடங்கியது என்று பின்னாளில் பலர் எழுதினார்கள்.

இதே மண்டபத்தில் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள். அப்போது நாட்டில் 11 ஆட்சி மொழிகள். கோசா மொழியில் ஒருவர் பேசப் பேச, அதை அப்போதைக்கப்போதே இன்னொரு மொழியில் சொல்ல வேண்டும். அதில் ஒரு விதி: 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'என் மகனைச் சுட்டார்கள்', 'என்னை அடித்தார்கள்' என்று நாள் முழுக்க, மாதக்கணக்கில், தன் வாயாலேயே. பலர் மனதளவில் உடைந்து போனார்கள். தங்களுக்கு நடக்காத ஒன்று தங்களுக்கே நடந்தது போல ஆகிவிட்டது.

இனவெறிக்கு ஆளானவர் சொல்லும் கதை எப்படி ஒருவரை மாற்றுகிறது என்ற கேள்விக்கு இந்தக் கூண்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அடுத்தவரின் 'நான்' எப்படி நம்முடைய 'நான்' ஆகிறது?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் உரி ஹாசன் குழு 2010-இல் இதை மூளைக்குள்ளேயே பார்க்க முயன்றது. ஒரு பெண் தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை முன்தயாரிப்பு இல்லாமல், நண்பர்களிடம் சொல்வதுபோல, மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்துக்கொண்டு சொன்னார். அந்தப் பதிவை வேறு சிலர் அதே கருவிக்குள் கேட்டார்கள். சொன்னவரின் மூளையில் எழுந்த ஏற்ற இறக்கங்கள், சில நொடிகள் தாமதமாக, கேட்டவர்களின் மூளையிலும் எழுந்தன. சில பகுதிகளில் கேட்பவரின் மூளை, சொன்னவருக்கு ஒரு எட்டு முன்னாலேயே போய் நின்றது. அடுத்து என்ன வரும் என்று அது காத்திருந்தது. இந்த ஒத்திசைவு எவ்வளவு கூடுதலோ, கதையும் அவ்வளவு நன்றாகப் புரிந்திருந்தது. புரியாத ரஷ்ய மொழியில் கதையைப் போட்டபோது ஒத்திசைவு காணாமல் போனது. ஒலி காதில் விழுந்தால் மட்டும் போதாது, பொருள் உள்ளே போக வேண்டும்.

சரி, ஆனால் இனவெறி என்று வரும்போது இங்கேதான் சிக்கல். 'இது ஒரு கறுப்பினத்தவரின் கதை' என்று தெரிந்த உடனே கேட்பவருக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. அந்தக் கதவு எப்போது சாத்துகிறது என்பதை 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஜெஃப் காஃப்மன், லிசா லிபி என்ற இரு உளவியலாளர்கள், ஒரு மாணவனின் ஒருநாள் வாழ்க்கையைக் கதையாகக் கொடுத்து வெள்ளையின மாணவர்களைப் படிக்கச் சொன்னார்கள். சிலருக்குக் கதையின் தொடக்கத்திலேயே அவன் கறுப்பினத்தவன் என்று தெரியும். சிலருக்கு முடிவுக்குப் பக்கத்தில்தான் தெரியும். பின்னால் தெரிந்துகொண்டவர்கள் அந்தப் பாத்திரமாகவே கூடுதலாக ஒன்றிப் போயிருந்தார்கள். 'இவர்கள் இப்படித்தான்' என்ற வார்ப்புரு எண்ணங்களால் அவனை எடைபோடுவதும் குறைந்திருந்தது. கதவு சாத்துவதற்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிட்ட விருந்தாளியை எப்படி வெளியே தள்ளுவது?

இதைப் படிக்கும்போது எனக்கு ஓர் உறுத்தலும் உண்டு. தான் யார் என்பதை மறைத்துக்கொண்டால்தான் ஒரு மனிதனை மனிதனாகப் பார்ப்பார்கள் என்றால், அது யாருடைய குறை? நிஜ வாழ்க்கையில் யாரும் தன் தோலைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைக்க முடியாது.

அதனால் முகத்துக்கு முகம் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஜோஷுவா கல்லா, டேவிட் ப்ரூக்மன் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள், ஆவணங்கள் இல்லாத குடியேறிகள்மீதும் திருநர்கள்மீதும் உள்ள வெறுப்பைக் குறைக்க முடியுமா என்று அமெரிக்காவில் வீடு வீடாகப் போய்ச் சோதித்தார்கள். முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. ஏழு இடங்கள், 230 தொண்டர்கள், 6,869 வாக்காளர்கள். தொண்டர் கதவைத் தட்டி, யாரையும் குறை சொல்லாமல் ஒரு குடியேறியின் கதையைச் சொல்வார். அப்புறம் முக்கியமான கட்டம்: 'உங்களுக்கு எப்போதாவது அடுத்தவர் தயவு தேவைப்பட்டதா? யாராவது கைகொடுத்தார்களா?' என்று வீட்டுக்காரரிடம் கேட்பார். அவர் தன் கதையைச் சொல்வார். இப்படிக் கதை மாற்றிக்கொண்ட இடங்களில் வெறுப்பு ஓரளவு குறைந்தது. பெரிய மாற்றம் இல்லை, ஆனால் நான்கு மாதங்கள் கழித்தும் அது அப்படியே இருந்தது. கதைப் பரிமாற்றத்தை எடுத்துவிட்டு வாதங்களையும் தகவல்களையும் மட்டும் வைத்துப் பேசியபோது அளக்கக்கூடிய பலன் எதுவுமே இல்லை.

நம் எழவு வீட்டில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பெண்களில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் செத்தவரை நினைத்துத்தான் அழுவாள். துக்கம் கேட்க வந்தவள் தன் துக்கத்தையும் அங்கே இறக்கிவைப்பாள். அதனால்தான் அந்த அழுகை பொதுவாகிறது.

கதை மாற்றுவது மனதைத்தானா என்பதிலும் ஒரு வியப்பான பதில் இருக்கிறது, ருவாண்டாவிலிருந்து. 1994-இல் அங்கே சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் டுட்சி இனத்தவர். கொல்லச் சொல்லித் தூண்டியதில் வானொலிக்குப் பெரிய பங்கு. பத்து ஆண்டுகள் கழித்து அதே வானொலியில் 'புதிய விடியல்' என்று பொருள்படும் 'முசெகெவேயா' தொடர் நாடகம் வந்தது. ஹுட்டு, டுட்சி என்ற இனப் பெயர்களே அதில் வராது. பகைமை கொண்ட இரண்டு கற்பனைக் கிராமங்கள், நிலத் தகராறு, எல்லை தாண்டிய ஒரு காதல். எலிசபெத் பாலக் என்ற உளவியலாளர் சில சமூகங்களுக்கு ஓராண்டு முழுக்க இந்த நாடகத்தையும், வேறு சில சமூகங்களுக்கு உடல்நலம் பற்றிய நாடகத்தையும் கேட்க ஏற்பாடு செய்தார். 2009-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: நாடகம் கேட்டவர்களின் தனிப்பட்ட நம்பிக்கைகள் அவ்வளவாக மாறவில்லை. ஆனால் 'நம் ஊரில் எது முறை, எப்படி நடந்துகொள்ள வேண்டும்' என்ற எண்ணம் மாறியிருந்தது.

ஆய்வு முடிந்ததும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டேப் ரெக்கார்டரையும் நாடகக் கேசட்டுகளையும் பரிசாகக் கொடுத்தார்கள். யார் வைத்துக்கொள்வது? உடல்நல நாடகம் கேட்ட ஊர்களில் 'ஊர் அதிகாரியிடம் கொடுத்துவிடலாம்' என்று சட்டென்று முடித்துவிட்டார்கள். பகை தீரும் கதையைக் கேட்ட ஊர்களில் யாராவது ஒருவர் எழுந்து மறுத்துப் பேசினார். நாமே சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு போனது. பத்து ஆண்டுகளுக்கு முன் மேலிடத்துச் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து அண்டை வீட்டாரைக் கொன்ற நாட்டில், அதிகாரியிடம் கொடுக்க வேண்டாம் என்று ஒருவர் வாய்திறந்து சொன்னதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இதுவரை பேசியதெல்லாம் கேட்டவர்களைப் பற்றி. சொன்னவருக்கு என்ன ஆனது?

'சொல்லி அழுதால் பாரம் குறையும்' என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1986-இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மனதை அழுத்தும் ஒன்றைப் பற்றி நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் மாணவர்களை எழுதச் சொன்னார். அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. ஆனால் அது தனியறையில், தன் விருப்பப்படி, திரும்பத் திரும்ப எழுதியது. ஆயிரம் கண்கள் பார்க்க ஒரே ஒரு முறை சொல்வது வேறு. தென்னாப்பிரிக்காவில் கொடுமைகளுக்கு ஆளான 134 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. பொதுவில் சாட்சி சொன்னவர்கள், மூடிய அறையில் சொன்னவர்கள், எதுவும் சொல்லாதவர்கள் என மூன்று பிரிவு. மனச்சோர்விலோ, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன நோயிலோ மூவருக்குள்ளும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

சியரா லியோனின் கதை இன்னும் கனமானது. அங்கே நடந்தது இனப்போர் இல்லை, உள்நாட்டுப் போர். ஆனாலும் இங்கே அதைச் சொல்லியே ஆக வேண்டும். பாதிக்கப்பட்டவரும் தீங்கு செய்தவரும் ஊர் நடுவில் தீமூட்டி, எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லும் நிகழ்ச்சிகள் நடந்தன. 200 கிராமங்களை ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. நிகழ்ச்சி நடந்த ஊர்களில் மன்னிப்பு கூடியது, நம்பிக்கை கூடியது, ஊர் வேலைகளுக்குக் கைகொடுப்பவர்கள் கூடினார்கள். கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடின. இரண்டரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. ஊர் ஆறியது. அதற்கான விலையைத் தனி மனிதர்கள் தங்கள் உறக்கத்தில் கொடுத்தார்கள்.

புண்ணைத் திறந்த பிறகு மருந்து வர வேண்டும். ஆறுதல் சொல்ல ஆள், தொடர்ந்து சிகிச்சை, இழப்பீடு, குற்றவாளிக்குத் தண்டனை. தென்னாப்பிரிக்காவில் பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 2003-இல் அறிவிக்கப்பட்டது 30,000 ராண்ட், ஒரே ஒரு தடவை. ஆணையம் பரிந்துரைத்தது அதைவிடப் பல மடங்கு. ஃபோர்ட் கலாட்டாவின் கொலைக்காகப் பொதுமன்னிப்புக் கேட்ட போலீஸாருக்கு 1999-இல் அது மறுக்கப்பட்டது; அதன் பிறகும் யார்மீதும் வழக்கு நடக்கவில்லை. மரண விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது 2025 ஜூனில். கொலை நடந்து நாற்பது ஆண்டுகள்.

தமிழில் கதை கேட்பது, கேள்வி கேட்பது, நியாயம் கேட்பது மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். அந்த மண்டபத்தில் உலகமே கதை கேட்டது. மற்ற இரண்டையும் கேட்கும் வேலை விதவைகளிடமும் பிள்ளைகளிடமும் விடப்பட்டது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இந்தச் சுமையைக் கொஞ்சம் இடம் மாற்றிப் பார்க்கிறார்கள். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் தொடங்கிய சமநீதி முன்னெடுப்பு அமைப்பு, 1877 முதல் 1950 வரை கும்பல்களால் கொல்லப்பட்ட 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரின் மரணங்களைத் தேடித் தேடி ஆவணப்படுத்தியது. 2018 ஏப்ரலில் மான்ட்கோமரி நகரில் அவர்களுக்கு நினைவிடம் திறந்தது. கொலை நடந்த ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்று என, துருவேறிய நிறத்தில் 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள். கொல்லப்பட்டவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாது. அதனால் கேட்க விரும்புகிறவர்கள்தான் இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

போகிறார்கள். ஒரு கண்ணாடி ஜாடியும் சிறு மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரைக்கோ, நீதிமன்ற வாசலுக்கோ, இன்று புல் வெட்டிய தோட்டமாக இருக்கும் இடத்துக்கோ. சில இடங்களில் கொல்லப்பட்டவரின் பேரப் பிள்ளைகள் வருகிறார்கள். அதே ஊரின் வெள்ளையினத்தவரும் வருகிறார்கள். குனிந்து, மாறி மாறி, கைப்பிடி கைப்பிடியாக மண் அள்ளி ஜாடியில் போடுகிறார்கள். ஜாடியின்மேல் ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தேதி. பெயர் தெரியாதவர்களுக்கு 'பெயர் தெரியவில்லை' என்றே எழுதியிருக்கிறது. இப்போது அந்த ஜாடிகள் மான்ட்கோமரியில் அலமாரி அலமாரியாக நிற்கின்றன. செம்மண், கரிசல், வெளிறிய மணல், சாம்பல் நிறக் களிமண் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறம்.