வயதான ஃபைட்டர் மீனின் மூச்சும் சிறுநீரகமும்

எங்கள் வீட்டு ஃபைட்டர் மீனுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. கருநீலமாக இருந்த தலை வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கிறது. வலது கண்ணில் பால் போல ஒரு படலம். நாளெல்லாம் நீர்மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே, அனுபியாஸ் செடியின் அகலமான இலைமேல் சாய்ந்து கிடக்கிறது. அவ்வப்போது உடம்பை ஒரு உதறு உதறி மேலே வரும். வாயைத் திறந்து ஒரு மிடறு காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி இலைக்குப் போய்விடும். முன்பெல்லாம் அந்தத் தூரத்துக்கு வாலை ஒரு தட்டுத் தட்டினால் போதும். இப்போது நாலைந்து முறை தட்ட வேண்டியிருக்கிறது.

இந்த இனம் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வருடம் வாழும். கடைக்கு வரும்போதே பல மாதம் வளர்ந்த மீனாகத்தான் இருக்கும். ஆக, நம் வீட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்ட ஃபைட்டர் கிட்டத்தட்ட தாத்தாதான். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் நாம் முதலில் ஓடுவது மருந்துக்கு. ஆனால் அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், மருந்தைவிடத் தண்ணீர்தான் முதலில் கண்ணில் படும்.

மேலே வந்து வாங்கும் அந்த மிடறிலிருந்தே தொடங்கலாம். ஃபைட்டருக்கு மூச்சுவிட இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லா மீனுக்கும் உள்ள செவுள். இன்னொன்று, செவுளுக்கு மேலே தலைக்குள் மடிப்பு மடிப்பாக இருக்கும் லாபிரிந்த் உறுப்பு. மெல்லிய எலும்புத் தகடுகள், அவற்றின்மேல் ரத்தக் குழாய்கள் நிறைந்த தோல், அவ்வளவுதான். வாயில் வாங்கிய காற்று அங்கே தங்கும், ஆக்சிஜன் நேராக ரத்தத்தில் கலக்கும். தாய்லாந்தின் நெல் வயல்களிலும் ஆழமில்லாத சதுப்புகளிலும் வாழ்ந்த மீன் இது. வெயிலில் சூடேறிய அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, செவுளை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. அங்கே இதைப் 'ப்ளா கட்' என்கிறார்கள். கடிக்கும் மீன் என்று பொருள். மனிதர் இதை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் வருடம் இருக்கும் என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. 2019-இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

நம் ஊரிலும் இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, ஏரியோரத்துப் பனைமரத்தில் இந்த மீனைக் கண்டதாக எழுதி, அது 1797-இல் லண்டனில் அச்சாகியிருக்கிறது. அது மரம் ஏறுமா என்பது வேறு விவாதம். ஆனால் தண்ணீருக்கு வெளியே வெகுநேரம் உயிரோடு இருக்க அதற்கு முடிகிறது என்றால், அந்த மடிப்புத் தகடுகள்தான் காரணம்.

இந்த வரமே முதுமையில் பாரமாகிவிடுகிறது. ஒவ்வொரு காற்றுக்கும் மீன் நீந்தி மேலே வர வேண்டும். போதாக்குறைக்கு, காட்டு மீனின் சிறு துடுப்பை நாம் அழகுக்காகப் பாவாடை போல விரித்து வளர்த்துவிட்டோம். வால் அரைவட்டமாக விரியும் ஹாஃப்மூன் வகையில் அந்தச் சுமையைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாகவே இருக்கும். அதனால் கிழட்டு மீனுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி நீர்மட்டத்தைக் குறைப்பது. ஒரு சாண் ஆழமே அதிகம், உடம்பு ரொம்ப முடியாவிட்டால் அதில் பாதி போதும். மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் படுக்க ஓர் இலை இருக்கட்டும். ஃபில்டரின் வேகம் மீனைத் தள்ளக் கூடாது. மெதுவாகக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் நல்லது.

அடுத்தது சிறுநீரகம். நன்னீர் மீன் தண்ணீரைத் தேடிக் குடிப்பதில்லை, தண்ணீர்தான் அதற்குள் புகுந்துகொண்டே இருக்கிறது. மீனின் ரத்தத்தில் உப்பு அதிகம், சுற்றியுள்ள நீரில் குறைவு. அதனால் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் நீர் இடைவிடாமல் உள்ளே கசியும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற மாதிரி, சிறுநீரகம் இரவு பகலாக அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றுகிறது. போகும் நீரோடு போய்விடும் உப்பைச் செவுள் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. இளம் மீனுக்கு இது பெரிய வேலை இல்லை. வயதாலோ கிருமியாலோ சிறுநீரகம் தளர்ந்தால், இறைக்கும் வேகத்தைக் கசியும் வேகம் மிஞ்சிவிடும். உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், வயிறு உப்பும். மேலிருந்து பார்த்தால் செதில்கள் அன்னாசிப் பழத்தோல் போலத் தூக்கி நிற்கும். டிராப்சி என்பது இதைத்தான். இது நோயின் பெயர் இல்லை, உள்ளே ஏதோ ஒன்று கைவிட்டதன் அடையாளம். செதில் முழுக்கத் தூக்கிய பிறகு மீன் பிழைப்பது அபூர்வம்.

'கல் உப்பு போடுங்க' என்று கடையில் சொல்வார்கள். அதற்கு அர்த்தம் உண்டு. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கலந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள உப்பு வித்தியாசம் கொஞ்சம் குறையும், கசிவும் குறையும், செவுளின் வேலையும் இலகுவாகும். சில நாட்களுக்கு இது நல்ல ஓய்வு. ஆனால் ஏற்கெனவே நீர் கோத்து வீங்கிய மீனுக்குக் கல் உப்பு வேண்டாம். அதற்கு வளர்ப்பவர்கள் பயன்படுத்துவது மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்ஃபேட். பத்து லிட்டருக்கு அரை டீஸ்பூன், தனியாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

மீனின் கழிவு பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. நீரில் அது இரண்டு வடிவில் இருக்கும்: அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம், செவுளைத் தாக்கும் அம்மோனியா. எது எவ்வளவு என்பதைப் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு, முடிவு செய்கிறது. 25 டிகிரி நீரில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் சுமார் 5 பங்கு. போர்த் தண்ணீர் காரமாக உள்ள ஊர்களில் இதை மறக்கக் கூடாது. ஃபில்டர் பஞ்சில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நோய் என்றதும் தொட்டியில் மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தைக் கொட்டினால் முதலில் சாவது அவைதான். மருந்து கொடுப்பதென்றால் தனிப் பாத்திரத்தில் கொடுங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மீன் சோர்ந்திருக்கிறதே என்று தொட்டியைக் காலி செய்து, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். சுத்தம் என்றால் நல்லதுதானே என்ற எண்ணம். மூன்றாம் நாள் செவுள் சிவந்து, மீன் மேலேயே மிதந்து மூச்சு வாங்கியது. குழாய் நீரின் குளோரின் பஞ்சிலிருந்த பாக்டீரியாக்களைக் கொன்றிருந்தது. இப்போது வாரம் இரண்டு முறை ஐந்தில் ஒரு பங்கு நீர் மட்டும் மாற்றுகிறேன், அதே சூட்டில், குளோரின் நீக்கியைக் கலந்து. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில்தான் அலசுகிறேன்.

சூடும் முக்கியம். மீனுக்குச் சொந்தச் சூடு கிடையாது. செரிமானமும் நோய் எதிர்ப்பும் தண்ணீரின் சூட்டில்தான் ஓடுகின்றன. 26-லிருந்து 28 டிகிரி வரை சரி. ஏசி அறையில் தொட்டி இருந்தால் சின்ன ஹீட்டர் வேண்டும். 'எந்த நோய்க்கும் சூட்டை ஏற்று' என்பது மட்டும் தப்பு. வெள்ளைப் புள்ளி நோய்க்கு அது உதவும். பஞ்சு ஒட்டியது போல வெண்திட்டாகப் பரவும் காலம்னாரிஸ் பாக்டீரியாவோ சூட்டில் இன்னும் வேகமாகப் பெருகும்.

முதுமையையும் நோயையும் பிரித்துப் பார்க்க எனக்கு உதவுவது காலக்கணக்கு. நிறம் மங்குவது, முதுகு லேசாக வளைவது, கண்ணில் படலம் விழுவது எல்லாம் மாதக்கணக்கில் வரும். இரண்டே நாளில் துடுப்பு கிழிவதோ வயிறு உப்புவதோ முதுமை இல்லை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன்களுக்குக் காசநோய் போன்ற நோயைத் தரும் மைக்கோபாக்டீரியம் நம் தோலையும் பிடிக்கும்.

மீன் உண்ணாமல், எழ முடியாமல், பக்கவாட்டில் கிடந்து திணறும் நாள் வரலாம். அப்போது அதை நோகாமல் வழியனுப்பக் கிராம்பு எண்ணெய் இருக்கிறது. அதிலுள்ள யூஜினால் மீனுக்கு மயக்க மருந்து. வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு விட்டு, பால் போல வெளுக்கும்வரை குலுக்கி, மீன் இருக்கும் சிறு பாத்திரத்தில் மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். அது அசைவற்றுத் தூங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் சேர்த்து, செவுள் அசைவு நின்ற பின்னும் அரை மணி நேரம் அதிலேயே விட வேண்டும். உயிரோடு கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் செய்யாதீர்கள்.

அந்தக் கிராம்பு எண்ணெய்ப் புட்டி ஆறு மாதமாக எங்கள் அலமாரியில் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. இன்று காலை ஊறவைத்த மூன்று குருணை போட்டேன். இரண்டைத் தின்றது. மூன்றாவது வலப்பக்கம் மிதந்து போனது, அதற்குத் தெரியவில்லை. ஈர்க்குச்சியால் இடது கண் பக்கம் நகர்த்திவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்து, அப்புறம் அதையும் எடுத்துக்கொண்டது.