நண்டுக்குஞ்சு சாவது ஐந்தாம் கட்டத்தில், காரணம் முதல் வாரத் தீனியில்

நண்டுப் பொரிப்பகம் நடத்துபவர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான்: சோயியா என்னும் முதல் குஞ்சுப் பருவத்தின் ஐந்தாம் கட்டத்திலிருந்து, நண்டாவதற்கு முந்தைய மெகலோபா பருவத்துக்கு ஓடு உரித்து மாறும் நாட்களில். முந்தின நாள் வரை நன்றாக நீந்திய குஞ்சுகள் காலையில் தொட்டியின் அடியில் கிடக்கும். பல குஞ்சுகளில் பாதி உரிந்த பழைய ஓடு உடம்போடு ஒட்டியே இருக்கும். உடனே தண்ணீர் மேல்தான் சந்தேகம் போகிறது. தண்ணீரைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் கேட்பது, முதல் வாரத்தில் குஞ்சுக்கு இரையாகும் ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய மிதவை உயிருக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதை.

சீர்காழிக்கு அருகே தொடுவாயில் ராஜீவ்காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் சேற்று நண்டுப் பொரிப்பகம் இருப்பதால், நம் டெல்டாவில் பொரிப்பகக் குஞ்சு பலருக்கும் தெரிந்த விஷயம். முத்துப்பேட்டை, பிச்சாவரம் கழிமுகங்களில் சின்ன நண்டைப் பிடித்து வளர்ப்பது நிலைக்காது என்பதும் புரிந்துவிட்டது. சினை நண்டு ஒன்றே லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும். ஆனால் ஐந்து சோயியா கட்டங்களையும் மெகலோபாவையும் தாண்டி நண்டாக மாறுவது, நல்ல தொட்டியிலும் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்தைத் தொடுவதில்லை. அந்த இழப்பில் தீனியின் பங்கைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

முதல் கட்ட சோயியா இரையைத் துரத்திப் பிடிக்காது. மேலே வந்து மோதுவதைப் பிடித்துத் தின்னும், அவ்வளவுதான். அதனால் பொரித்த அன்றே, ஒரு மில்லி தண்ணீரில் பத்துப் பதினைந்து ரோட்டிஃபராவது இருக்க வேண்டும். எண்ணிக்கையைப் பலரும் சரியாக வைத்துவிடுகிறார்கள். தவறுவது தரத்தில். ரோட்டிஃபர் தின்பது எதுவோ அதுவே குஞ்சுக்குப் போகிறது. செலவு மிச்சம் என்று ரொட்டி ஈஸ்ட்டிலேயே வளர்த்தால் ரோட்டிஃபர் பெருகும், ஆனால் இபிஏ, டிஹெச்ஏ என்னும் கொழுப்பு அமிலங்கள் அதில் மிகக் குறைவு. நானோகுளோராப்சிஸ் பாசி இபிஏ தரும், டிஹெச்ஏ தராது. அதற்கு ஐசோகிரைசிஸ் போன்ற பாசியையும் சேர்க்க வேண்டும். குஞ்சுத் தொட்டியிலும் கொஞ்சம் பாசி நிற்கட்டும். தின்னாமல் மிஞ்சிய ரோட்டிஃபர் மறுநாளுக்குள் வெறும் வயிற்றோடு சத்தற்றுப் போய்விடும்.

அடுத்த இரை ஆர்ட்டீமியா, உப்பு ஏரிகளில் வாழும் இறால் போன்ற சின்ன உயிர்; அதன் காய்ந்த முட்டையை வாங்கிப் பொரிக்க வைக்கிறோம். இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம். பொரித்த புதிதில் ஆர்ட்டீமியாக் குஞ்சிடம் கருவுணவுச் சத்து இருக்கும். மணிக்கணக்கில் வைத்திருந்தால் அதைத் தானே செலவழித்துவிடும். காலையில் பொரித்ததைச் சாயங்காலம் வரை காற்றுக்குழாய் போட்டு வெளியிலேயே வைத்திருந்து கொடுக்கிறார்கள். உடனே கொடுங்கள், முடியாவிட்டால் குளிரில் வையுங்கள். டிஹெச்ஏ எந்த ஆர்ட்டீமியாவிலும் இயல்பாகவே குறைவு. முட்டை வரும் ஏரியைப் பொறுத்து இபிஏவும் ஏறி இறங்கும். அதனால் பின் கட்டங்களில் ஊட்டம் ஏற்றித்தான், அதாவது அந்தக் கொழுப்பு அமிலங்கள் உள்ள ஊட்டப் பொருளை ஆர்ட்டீமியாவைத் தின்ன வைத்துத்தான் கொடுக்க வேண்டும். முட்டை ஓட்டில் விப்ரியோ கிருமி ஒட்டிக்கொண்டு வரும், ஓடு நீக்கிய பிறகே பொரிக்க வையுங்கள். தொட்டியில் மிஞ்சிப் பெரிதாகிவிட்ட ஆர்ட்டீமியாவை எடுத்துவிடுங்கள். அது குஞ்சின் வாய்க்கு அடங்காது, பாசியை மட்டும் தின்று தீர்க்கும்.

சத்து குறைந்தால் உரிக்கத் திராணி இருக்காது. அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது. டிஹெச்ஏ மிதமிஞ்சினால் ஐந்தாம் கட்டத்திலேயே கொடுக்கு பெரிதாகி, பழைய ஓட்டிலிருந்து உருவி வெளியே வர முடியாமல் குஞ்சு சாவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஊட்டப் பொருளின் புட்டியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

சாவு தொடங்கியதும் ஆன்டிபயாட்டிக் தேடுபவர்களையும் பார்க்கிறேன். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் இறால், மீன், நண்டு வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. தடையை விட்டாலும், தீனியில் இல்லாத கொழுப்பு அமிலத்தை எந்த மருந்தும் கொண்டுவந்து தராது.

மெகலோபாவுக்குக் கொடுக்கு வந்துவிடுவதால் ஒன்றையொன்று பிடித்துத் தின்னத் தொடங்கும். பெரிய ஆர்ட்டீமியாவும், நன்றாகக் கழுவி அரைத்து வடிகட்டிய மட்டிச் சதையும் கொடுங்கள். ஒளிய வலைத்துண்டுகளைத் தொங்கவிடுங்கள். அப்புறம், தாய் நண்டை மறக்காதீர்கள். மட்டி, கணவாய், மீன் என்று மாற்றி மாற்றித் தின்ற நண்டின் கருவில்தான் குஞ்சு முதல் வேளையைத் தாங்கும் சத்து சேர்கிறது.

குஞ்சு வாங்கப் போகும் குட்டைக்காரர்கள் விலைக்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள்: எந்தப் பாசியில் ரோட்டிஃபர் வளர்த்தார்கள், ஆர்ட்டீமியாவுக்கு ஊட்டம் ஏற்றினார்களா, நண்டான பிறகு குஞ்சு எத்தனை முறை ஓடு உரித்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடம் வெள்ளமாகப் போகும் நாட்களில் நான்காவதாக ஒன்று: வெள்ளநீர் கலந்து கடல்நீரின் உப்பு குறையும் என்பதால், குஞ்சு பொரித்தது முதல் பயன்படுத்த 30 பிபிடியை (ஆயிரத்துக்கு 30 பங்கு உப்பு) ஒட்டிய கடல்நீரை முன்பே சேமித்து வைத்திருந்தார்களா?