பேரிங்: தாங்கி, போதிகை, பால்ரஸ்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து சைக்கிள் கடைகளில் 'பேரிங்' வேறு, 'பால்ரஸ்' வேறு. இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் அடைபட்டு, முழு உருப்படியாக வருவது பேரிங். கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக அடுக்கும் உதிரிக் குண்டுதான் பால்ரஸ். ஆங்கிலத்தில் 'ரேஸ்' என்பது குண்டு ஓடும் தடத்தின் பெயர். நம் கடைகளில் தடத்தின் பெயர் குண்டுக்கே வந்துவிட்டது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, கேட்டால் சரியான சாமான் கிடைக்கிறது.

பேரிங் என்ற சொல் 'பேர்' என்னும் ஆங்கில வினையிலிருந்து வந்தது. சுமப்பது, தாங்குவது என்று பொருள். சுழல்வதைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை. பாலத்தின் தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே வைக்கிற ரப்பர் அடுக்கையும் பொறியாளர்கள் பேரிங் என்றுதான் சொல்கிறார்கள், அது சுற்றுவதே கிடையாது.

தமிழில் 'தாங்கி' என்பது பொதுவாக வழங்குகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதைவிட அழகான சொல் ஒன்று உண்டு: போதிகை. பால் பேரிங் அங்கே 'குண்டுப் போதிகை'. கோயில் தூணின் தலையில், உத்திரத்தின் பாரத்தை வாங்கித் தூணுக்கு இறக்கும் கல்லுக்குத்தான் நம் சிற்பிகள் போதிகை என்று பெயர் வைத்தார்கள். சுசீந்திரம் கோயில் பிராகாரத்தில் நடக்கும்போது அண்ணாந்து பார்த்தால் வரிசையாகத் தெரியும். ஆனால் இங்கே கடையில் போய்ப் போதிகை கேட்க முடியாது. எழுத்தில் 'குண்டுத்தாங்கி' போதும் என்பது என் கட்சி.

தாங்குவது என்ற இந்த அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரு பழக்கத்தின் கோளாறு புரியும். சைக்கிள் வாங்கப் போனால் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்க்கிறோம். நெடுநேரம் சுற்றினால் நல்ல பேரிங் என்று தீர்ப்பு. அந்த நேரத்தில் பேரிங் எதையும் தாங்கவில்லை, சக்கரத்தின் சொந்த எடை மட்டும்தான் அதன்மேல் இருக்கிறது. ஒரே வேகத்தில் சுழற்றினால் கனமான இரும்பு ரிம் லேசான அலுமினிய ரிம்மைவிட அதிக நேரம் ஓடும். அது ரிம்மின் கனத்தால் வருவது. கிரீஸ் வற்றி, நாலு சொட்டு எண்ணெய் விட்ட பழைய ஹப்பும் (சக்கரத்தின் நடுப்பாகம்) ஜோராகச் சுற்றும். ஆள் ஏறிச் சவுட்டினால்தான் உலோகத்தோடு உலோகம் தேய்வது தெரியும். மாறாக, புது கிரீஸும் ரப்பர் மூடியும் உள்ள நல்ல பேரிங் கையில் கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். அந்த மந்தம் சாலையில் பொருட்டே இல்லை. காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் தின்கிற உழைப்புக்கு முன்னால் நல்ல நிலையில் உள்ள பேரிங் தின்பது மிகச் சொற்பம். சைக்கிள் இழுக்கவில்லை என்றால் முதலில் டயரில் காற்றைப் பாருங்கள்.

சரி, எப்படித்தான் சோதிப்பது? சக்கரத்தை வேகமாகச் சுழற்றாமல் லேசாகத் தள்ளிவிட வேண்டும். நிற்கும் முன் கனமான பக்கம் கீழே வந்து, முன்னும் பின்னும் ஊசலாடி அடங்கினால் நல்லது. ஊசலாடாமல் சட்டென்று நின்றால் கோன் (குண்டுகளை அழுத்திப் பிடிக்க அச்சில் திருகும் கூம்பு வடிவ நட்டு) இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் கட்டை உரசுகிறது. பின் சக்கரத்தில் இதைப் பார்க்கச் செயினைக் கழற்ற வேண்டும். அப்புறம் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கலாம். கடகடவென்று ஆட்டம் இருந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி அச்சை விரலால் உருட்டும்போது கரகரப்பு தட்டினால், கோனிலோ குண்டிலோ குழி விழுந்திருக்கும்.

உதிரிக் குண்டு ஹப்பில் வழக்கமாக முன்னால் ஒரு பக்கத்துக்கு 3/16 அங்குலத்தில் 10, பின்னால் 1/4 அங்குலத்தில் 9. இன்னொன்றையும் திணித்துவிட்டால் குண்டுகள் ஒன்றோடொன்று நெரியும், உருளாமல் உரசும். நாலு தேய்ந்ததற்கு நாலு மட்டும் மாற்றுவதும் தப்பு. அளவில் நூலிழை பெரியதாக இருக்கும் புதுக் குண்டுகளே மொத்தப் பாரத்தையும் சுமக்க வேண்டி வரும்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், கடற்காற்றில் உப்பும் உண்டு. இதோடு மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்மனைட் என்ற கனிமத்தோடு அதில் கார்னெட் என்ற கடினமான கனிமமும் இருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் அதே கார்னெட்தான். ஹப்புக்குள் அது புகுந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடலோரத்தில் ஓட்டுகிறவர்கள் மழைக்காலம் முடிந்ததும் ஹப்பைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்தெடுப்பது நல்லது. தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுவது அந்த மணலை உள்ளே தள்ளிவிடும்.

குண்டுத்தாங்கிக்குக் காப்புரிமை முதலில் வண்டி அச்சுக்குத்தான் வாங்கப்பட்டது: 1794, வேல்ஸ் நாட்டு ஃபிலிப் வான். மிதிவண்டிக்கு அதைக் கொண்டுவந்து 1869இல் காப்புரிமை பெற்றவர் பாரிஸைச் சேர்ந்த ஜூல் சூரிரே. அதே ஆண்டு பாரிஸிலிருந்து ருவான் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் ஜெயித்த மிதிவண்டியில் குண்டுத்தாங்கி இருந்தது.

மற்ற பாகங்களுக்குச் சொல் தேடி அலைய வேண்டாம், மாட்டுவண்டிக்காரர்கள் முன்பே வைத்திருக்கிறார்கள். ஹப் என்பது குடம், ஸ்போக் ஆரக்கால், ஆக்ஸில் அச்சு. கோனைக் 'கூம்பு' என்று எழுதலாம். கடையில் கோன் என்றே கேளுங்கள்.